கேட்காமல் விட்ட கேள்வி

அமராவதியின் தேத்தண்ணிப் பேணியின் கைப்பிடியில் மாமியார் நாகேஸ்வரி ஒரு சிவப்புத் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

“இனி இதுதான் உன்ர பேணி. குசினிக்குள்ள இருக்கிற வேற ஒரு சாமானிலயும் கை வைக்கக்கூடாது... விளங்குதோ? படுக்கையும் வெளியில, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்துச் சாய்ப்புப் பத்தியிலதான். பிள்ளை என்னோட இருக்கட்டும்!”

ஐந்து வயது யதுர்ஷிகா அப்பம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் ஓடுவதற்காக ஒரு காலை எடுத்து வைத்தவளை நாகேஸ்வரி பின்னால் இழுத்தாள்.

“தொடாத! அம்மாவுக்குத் தொற்று வருத்தம்.”

அந்த ஒரு சொல் அமராவதியின் நெஞ்சில் போய்த் தைத்தது. வயிற்றில் நாலு மாதக் கரு. வாசலில் கணவன் பாலன் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறேன் என்ற பேரில் குனிந்தபடியே இருந்தான். அடித்த காற்று போதும் போதும் என்றான பிறகும் அவன் நிமிரவில்லை.

முள்ளியவளைக்கு அப்பால், குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் ஒரு சின்னக் குடியேற்றம் அது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் கிளினிக் நடக்கும். அங்கே எல்லாரிடமும் வழக்கமாக இரத்தம் எடுப்பார்கள். அமராவதியின் இரத்தத்தில், ஆண் பெண் உறவால் தொற்றும் மேகநோய் இருப்பதாக முடிவு வந்தது. அவளுடைய அட்டையின் மூலையில் மருத்துவமாது சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டம் எதற்குப் போடப்படுகிறது என்பது வாங்குப் பலகையில் வரிசையாக இருந்த இருபது பெண்களுக்கும் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் வீடு வந்து சேருவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

பாலன் நாயாற்றுக் கடற்கரையில் ஒரு மீன் வாடியில் வேலை செய்பவன். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். அவனையும் கூப்பிட்டு இரத்தம் எடுத்தார்கள். நேற்று அதன் முடிவு வந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை.

அத்தோடு அமராவதியின் கதை முடிந்தது என்று எல்லாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

“அவன் நாயாத்தில கிடந்து உப்புக் காத்தில வேகிறான்... நீ இஞ்ச...! சீ, சொல்லவே வாய் கூசுது! மலைநாட்டில இருந்து வந்த சனம், வேண்டாமடா எண்டு தலையால அடிச்சனான். கேட்டவனே? யாழ்ப்பாணத்தில இருந்து இடம்பெயர்ந்து வந்தாலும் மானத்தோட வந்த குடும்பம் இது!”

“மாமி, என்னைப் பெத்தவையை இழுக்காதேங்கோ. என்ர அம்மா ராக்காயி பெத்த மகள் கூலிக்கு நாத்து நட்டிருப்பாள், கெட்டுப்போகேல்லை.” அமராவதி கணவன் பக்கம் திரும்பினாள். “இஞ்சேருங்கோ... நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்.”

பாலன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

“என்னட்ட ஒண்டுமில்லை எண்டு எழுதித் தந்தவையும் அவைதான்... உன்னட்ட இருக்கு எண்டு எழுதித் தந்தவையும் அவைதான். நான் என்னத்தைச் சொல்ல, அமரா?”

“அப்ப நான் சொல்லுறன். அவை பிழையா எழுதிப்போட்டினம்.”

“ஓமோம், உனக்காக இங்கிலீசு வைத்தியம் பிழைச்சுப் போச்சு!” என்றாள் நாகேஸ்வரி. “பேசாமல் உன்ர கொம்மா வீட்ட போய்ச் சேர்.”

“போகமாட்டன் மாமி. இப்ப போனா, செய்தனான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. அந்த எழுத்தை மாத்தாமல் இந்தப் படலையைத் தாண்டிப் போகமாட்டன்.”

அவள் அழவில்லை. அழுதால் குற்றம் செய்தவள் அழுகிறாள் என்பார்கள். சிவப்புத் துணி கட்டிய அந்தப் பேணியிலேயே தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தாள். கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு கட்டை தூரம் நடந்தாள்.

பள்ளிக்கூடக் கட்டடத்தின் கடைசி அறைதான் ஆய்வுகூடம். அங்கே இரத்தம் சோதிப்பவர் சிற்றம்பலம். போரால் மருந்துத் தடை இருந்த காலம். பாவித்து முடிந்த ஊசிமருந்துப் போத்தல்களைக் கழுவி, அவித்து, காயவைத்து இரத்தம் எடுக்கும் போத்தலாக்குவார். ஒரு துளி மருந்துச் சரக்கை இரண்டு துளியாக்கத் தெரிந்த மனிதர். தன் கைவேலையில் பிழை என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் மூக்கின் நுனியில் வந்து நிற்கும்.

“ஐயா, என்ர போத்தல் ஆற்றையோ போத்தலோட மாறிப்போச்சு” என்றாள் அமராவதி.

“இஞ்ச ஒண்டும் மாறாது பிள்ளை!” என்று அவர் பதிவுப் புத்தகத்தைத் தூக்கி மேசையில் போட்டார். “பார். உன்ர அட்டை இலக்கம். உன்ர பேர். போத்தலில பிளாஸ்டர் ஒட்டி, உனக்கு முன்னாலதானே எழுதினது? இந்தா, மிச்ச இரத்தத் தெளிவு இன்னும் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிக்குள்ள கிடக்கு. வாசிச்சுப் பார்.”

அவள் வாசித்தாள். அவளுடைய பெயர்தான். அவளுடைய இலக்கம்தான். அன்றைக்கு ‘என்ர பேரை வடிவா எழுதுங்கோ மிஸி’ என்று மருத்துவமாதிடம் கேட்டு எழுதுவித்தவளும் அவள்தான்.

வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்த நம்பிக்கை அந்த இடத்திலேயே அறுந்து விழுந்தது. போத்தல் மாறவில்லை. அது அவளுடைய இரத்தமேதான். அப்படியென்றால்...? ஒரு கணம், ஒரே ஒரு கணம், தன் உடம்பின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கணத்தை அவள் பிறகு ஒருநாளும் மன்னிக்கவில்லை.

முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. வெளியே நல்ல வெயில். அவளோ கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கினாள். பற்கள் ஒன்றோடொன்று அடித்தன. சுவரைப் பிடித்தபடி நிலத்தில் குந்தினாள்.

சிற்றம்பலம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“என்ன பிள்ளை... காய்ச்சலோ?”

“ஒண்டுமில்லை ஐயா. ஒருநாள் விட்டு ஒருநாள் இப்பிடித்தான். கொஞ்ச நேரத்தால வேர்த்து விட்டிடும்.”

“எவ்வளவு நாளா?”

“மார்கழி தொடக்கம்...”

அவருடைய முகம் மாறியது. புத்தகத்தைத் திரும்பவும் எடுத்து இரத்தம் எடுத்த திகதியில் விரலை வைத்தார்.

“இரத்தம் எடுத்த அண்டைக்கும் காய்ச்சல் கிடந்ததோ?”

“கிடந்தது.”

“அதை ஏன் மிஸியிட்டச் சொல்லேல்லை?”

“சொன்னா காய்ச்சல்காரரின்ர வரிசைக்கு அனுப்பிப்போடுவினம், ஒரு நாள் மினைக்கெடும். ஆரும் கேக்கவும் இல்லையே ஐயா.”

சிற்றம்பலம் பதிவுப் புத்தகத்தை மூடினார். பிறகு, அரைவாசி தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தார்.

“பிள்ளை... இந்தச் சோதினை நோய்க்கிருமியை நேராப் பார்க்கிறேல்லை. நோய் வந்தா இரத்தத்தில ஒரு பொருள் ஊறும், அது மருந்தோட சேர்ந்து திரளும். அந்தத் திரளைத்தான் நுணுக்குக்காட்டியில பார்க்கிறது. மலேரியா கிடந்தாலும் சில பேருக்கு அப்பிடித் திரளும். மேகநோய் இல்லாமலே! இரத்தத்தை உப்புத்தண்ணி விட்டு ஐதாக்கி ஐதாக்கிப் பார்த்தா பலமான திரளோ, சும்மா மெல்லிய திரளோ எண்டு பிடிபடும். சரக்குத் தட்டுப்பாடு... நான் அதைச் செய்யேல்லை. உண்டு எண்டு எழுதிப்போட்டு அடுத்த போத்தலை எடுத்தனான்.”

“உண்டு எண்டு எழுத எவ்வளவு நேரம் ஐயா எடுத்தது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ர அஞ்சு வயதுப் பிள்ளையை என்னைத் தொட விடுகினமில்லை ஐயா. அந்த எழுத்தை இப்பவே வெட்டுங்கோ!”

“வெட்ட ஏலாது பிள்ளை. ஒரு பிழையை இன்னொரு பிழையால திருத்தக்கூடாது. மலேரியாதான் ஏமாத்தினது எண்டு நான் நினைக்கிறன், அவ்வளவுதான். முதல் வேலை, அண்டைக்கு உனக்கு மலேரியா கிடந்தது எண்டு எழுத்தில காட்டோணும். ராசு வீடு வீடா வந்து விரலில குத்தினவனெல்லே?”

அடுத்த அறையில் மலேரியாப் பிரிவின் ராசு இருந்தான். ஊரெல்லாம் சைக்கிளில் திரிந்து, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் தடவிக்கொண்டு போகிறவன். அவன் தன் புத்தகத்தைப் புரட்டினான். மார்கழி பத்தாம் திகதிப் பக்கத்தில் இருந்தது: அமராவதி பாலன், மலேரியா உண்டு. அதற்கு நேரே, மாத்திரை தந்த குறிப்பு: மார்கழி பத்தொன்பது, குளிசை கொடுக்கப்பட்டது.

“குளிசை தந்திருக்கே!” என்றார் சிற்றம்பலம். “பிறகேன் இன்னும் நடுங்கிறாய்? குடிக்கேல்லையோ?”

அமராவதி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

என்னவென்று சொல்வாள்? மார்கழியில் நாகேஸ்வரி பிள்ளையார் பெருங்கதை விரதம் இருந்தாள். இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு, இடது கையில் காப்பு நூல், பின்னேரம் கோயிலில் கதை கேட்பது. ராசு ஊசியோடு வந்தபோது, “காப்புக் கட்டின கையில இரத்தம் எடுக்கிறதோ? தள்ளிப் போ தம்பி!” என்று கலைத்துவிட்டாள். மருந்து தட்டுப்பாடு என்பதால் இரத்தம் கொடுத்து மலேரியா என்று வந்தவருக்கு மட்டும்தான் குளிசை. ஒன்பது நாள் கழித்து அமராவதிக்குக் குளிசை வந்தபோது, நாகேஸ்வரி மூன்று சாக்குப் போர்த்தியும் நடுக்கம் நிற்காமல் உள்ளே கிடந்தாள். விரதம் முடிய ஐந்து நாள் இருந்தது. ‘கதை கேக்கப் போகேலாமல் போகுதே பிள்ளையாரே’ என்று புலம்பினாள்.

அறுபது வயது உடம்பு தாங்காது, இருபத்தாறு வயது உடம்பு தாங்கும் என்று அமராவதி கணக்குப் போட்டாள். அவ்வளவுதான். “பக்கத்து வீட்டு வடிவம்மா மிச்சக் குளிசை தந்தவ மாமி” என்று சொல்லி மூன்று நாளும் தன் கையாலேயே கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைத்தாச்சியின் மருந்தை மாமி தொடவே மாட்டாள். உனக்கு ஒன்றுமில்லையோ என்று கேட்டபோது, இல்லை என்றாள். தனக்கு வேப்பம்பட்டைக் கசாயத்தை அவித்துக் குடித்துக்கொண்டாள்.

“அது என்ர வீட்டுக் கதை ஐயா” என்றாள் இப்போது.

“வீட்டுக் கதையோ! வயித்துப் பிள்ளையோட மலேரியாவை வைச்சிருக்கிறதோ? இதில நீயும் ஒரு பிழைகாரிதான், கேட்டியோ!” என்று சிற்றம்பலம் வெடித்தார். ராசு அந்த இடத்திலேயே அவளுடைய விரலில் குத்தினான். நுணுக்குக்காட்டியில் கிருமி இன்னும் இருந்தது. முதல் குளிசையை அவர்கள் கண்முன்னாலேயே விழுங்க வைத்தார்கள்.

சிற்றம்பலம் அவளை முன் அறையிலிருந்த டொக்டரிடம் கூட்டிப்போனார். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மலேரியாவுக்கு ஏமாறாத வேறொரு சோதனை கொழும்பில் உண்டு என்றார். குளிர்ப்பெட்டியில் இருக்கும் பழைய இரத்தத் தெளிவைச் செஞ்சிலுவைக்காரரின் வண்டியில் அனுப்பலாம். முடிவு வர ஒன்றரை மாதம் செல்லும்.

“ஆனா அம்மா, அது வரைக்கும் சும்மா இருக்க ஏலாது. பத்தில ஒரு பங்கு எங்கட முதல் முடிவு சரியெண்டால், வயித்துப் பிள்ளையின்ர கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து. பென்சிலின் ஊசி போட்டால் பிள்ளைக்கு ஒரு கெடுதியும் வராது. போடுறதோ, விடுறதோ?”

ஊசி போட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். வருத்தம் இருந்தபடியால்தானே ஊசி போட்டாள் என்பார்கள். போடாவிட்டால் மானம் நிற்கும். ஆனால் பிள்ளை...? தன்னைத் தனக்குத் தெரியும். பாலனையும் தெரியும் என்றுதான் நினைக்கிறாள்; அவனுக்கு இல்லை என்று எழுதியதும் இதே ஆய்வுகூடம்தான். அந்த நினைப்பைப் பணயமாக வைத்து ஒரு குழந்தையின் கண்ணையும் காதையும் சூதாட அவளுக்கு மனம் வரவில்லை.

“போடுங்கோ டொக்டர்” என்றாள். “என்ர மானம் ஒண்டரை மாதம் பொறுக்கும். பிள்ளை பொறுக்காது.”

எதிர்பார்த்தபடியே நடந்தது. அன்று பின்னேரமே வீட்டில் வெடித்தது.

“ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாளாம்! இனி என்ன அத்தாட்சி வேணும்?” என்று நாகேஸ்வரி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“இஞ்சேருங்கோ, எனக்கு மலேரியா கிடந்தது. அதாலதான் சோதினை பிழைச்சது எண்டு லாப் ஐயா சொல்லுறார்” என்றாள் அமராவதி கணவனிடம்.

“உனக்குக் காய்ச்சலே இல்லையெண்டு நீதானே அம்மாட்டச் சொன்னனி? எதை அமரா நான் நம்பிறது?”

குளிசைக் கதை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். செய்ததைச் சொல்லிக்காட்டி வாங்கும் நம்பிக்கை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. பாலன் அடுத்த நாளே நாயாற்றுக்குப் போய்விட்டான்.

ஏழு கிழமை அவள் பத்தியில் படுத்தாள். தனிப் பேணியில் குடித்தாள். வயலுக்குப் போய்ப் புல் பிடுங்கினாள். நடுக்கம் நின்று உடம்பு தேறியது. ஒவ்வொரு புதனும் தலை நிமிர்ந்து கிளினிக்குக்குப் போய் அதே வாங்கில் இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து தள்ளிப் போவாள். ‘நல்லது, காலை நீட்டி இருக்கலாம்’ என்று அமராவதி காலை நீட்டிக்கொள்வாள். யதுர்ஷிகா மட்டும் அப்பம்மா அசந்த நேரம் ஓடிவந்து பத்தி வாசலில் நின்று, “அம்மா, உங்களை எப்ப தொடலாம்?” என்று கேட்பாள். அமராவதி நீட்டப்போன கையை மடக்கிக்கொண்டு, “அப்பம்மா தேடப்போறா, ஓடு” என்பாள்.

மாசி கடைசியில் முடிவு வந்தது. சிற்றம்பலம் அதை அமராவதியிடம் கொடுக்கவில்லை. பாலனுக்குத்தான் ஆளனுப்பினார்.

“வாசி தம்பி” என்றார்.

மேகநோய் இல்லை. ஒருபோதும் இருந்ததற்கு அடையாளமும் இல்லை.

பாலன் அதை இரண்டு தரம் வாசித்தான். “ஐயா... அப்ப நீங்கள் எழுதினது?”

“நான் விட்ட பிழை. ஒருக்கால் திரும்பிப் பார்த்திருக்கோணும், பார்க்கேல்லை. நான் பார்க்காதது பெரிசோ, நீ பார்க்காதது பெரிசோ எண்டு எனக்குத் தெரியாது தம்பி. நான் அவவோட ஆறு வருசம் குடும்பம் நடத்தேல்லை.”

பாலன் தாளை மடித்து, விரித்து, திரும்பவும் மடித்தான். கடைசியில், “காய்ச்சல் எண்டா அவள் ஏன் குளிசை குடிக்கேல்லை?” என்று கேட்டான்.

“அதை நானும் யோசிச்சனான் அண்ணை” என்றான் அடுத்த அறையிலிருந்து வந்த ராசு. “குளிசையை அக்கான்ர கையிலதான் குடுத்தனான். அண்டைக்கு உங்கட அம்மா உள்ளுக்க கிடந்து நடுங்கிற சத்தம் படலை வரைக்கும் கேட்டது. அவ விரதம் எண்டு இரத்தம் தரேல்லை, அவவுக்குக் குளிசையும் இல்லை. ஆனா நாலாம் நாள் கோயிலடியில சுகமா நிக்கிறா!”

பாலன் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. சைக்கிளை முற்றத்தில் போட்டான்.

“அம்மா! மார்கழியில நீங்கள் குடிச்ச குளிசை ஆர் தந்தது?”

“வடிவம்மா தந்தது. ஏன்ரா?”

வேலிக்கு அப்பால் முருங்கை ஆய்ந்துகொண்டு நின்ற வடிவம்மா எட்டிப் பார்த்தாள். “நானோ? என்னட்ட ஏதடி ஆத்தை குளிசை! நானே கசாயத்தோட கிடந்தனான்!”

நாகேஸ்வரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது முகத்தில் இரத்தமே இல்லை. பத்தி வாசலுக்கு ஓடினாள். பெரிய உடம்பு மடிந்து அமராவதியின் காலடியில் விழுந்தது.

“ஐயோ, என்ர பிள்ளை! உன்ர மருந்தைத் திண்டுபோட்டு... உன்னையே...! இந்த நாக்கு அழுகிப் போகாதோ! குசினிக்குள்ள வா மருமேளே... இந்தா பிள்ளை, உன்ர பிள்ளையைத் தூக்கு!”

அமராவதி யதுர்ஷிகாவை அள்ளி எடுத்தாள். பிள்ளையின் கழுத்தில் முகம் புதைத்து நெடுநேரம் நின்றாள். பாலன் பக்கத்தில் வந்து அவளுடைய பெயரைச் சொன்னான்.

“எழும்புங்கோ மாமி, கால்ல விழாதேங்கோ” என்றாள் அவள். குரல் உறுதியாக இருந்தது. “எனக்கு உங்களில கோவமில்லை எண்டு பொய் சொல்லமாட்டன். பொய் சொன்னது காணும், போதும். ஒரு பொய்யால இவ்வளவும் வந்தது. ஆனா பழி இந்த வீட்டுக்குள்ள மட்டும் கிடக்கேல்லை. நீங்கள் வீட்டுக்குள்ள அழுதா அது வெளியில கேக்காது. நான் இண்டைக்கும் பத்தியிலதான் படுப்பன்.”

அடுத்த புதன்கிழமை காலை அமராவதி அட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, நாகேஸ்வரியும் சேலையை மாற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டு கட்டையும் அவள் மருமகளின் பின்னாலேயே நடந்தாள்.

வாங்கில் அதே இருபது பெண்கள். சுவரில் புதிதாக ஒரு மட்டை தொங்கியது. ‘இரத்தம் எடுக்க முன் கேட்கவும்: காய்ச்சல் உண்டா? எப்போதிருந்து? என்ன மருந்து குடித்தீர்?’ என்று சிற்றம்பலத்தின் கையெழுத்தில் இருந்தது. புது மட்டை, பழைய பழக்கம். அமராவதியின் முறை வந்தபோது, மறுபடியும் இரத்தம் எடுக்க மருத்துவமாது தலை நிமிராமலே வழக்கம்போல ஊசியை எடுத்தாள்.

“கையை நீட்டுங்கோ.”

“நில்லுங்கோ மிஸி!”

கூடமே திரும்பிப் பார்த்தது. நாகேஸ்வரி நடுவில் வந்து நின்றாள்.

“எழுதி வைச்சிருக்கிறதைக் கேக்கேல்லையே? நீங்கள் கேளாட்டில் நான் சொல்லுறன், எழுதுங்கோ. என்ர மருமேளுக்கு மார்கழியில மலேரியாக் காய்ச்சல். அவவுக்குத் தந்த குளிசையை அவ குடிக்கேல்லை. நான் குடிச்சனான். விரதம் எண்டு விரலைக் குத்தக் குடுக்காத நான், அவவின்ர விரல் குத்தி வந்த மருந்தைக் குடிச்சு எழும்பினனான். எழும்பி வந்து அவவைத்தான் வீட்டை விட்டு வெளியில வைச்சனான். அவவுக்கு வேற ஒரு வருத்தமும் இல்லை. கொழும்பில இருந்து எழுத்து வந்திருக்கு... இந்தா, ஆரும் வாசிக்கலாம்!”

அவள் வாங்கை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள்.

“உங்களில ஆருக்கும் காய்ச்சல் கிடந்தா இப்பவே சொல்லுங்கோ பிள்ளையள். சொல்லாமல் விடாதேங்கோ. வீட்டில இருக்கிற கிழவியள் என்னைப் போலத்தான் இருப்பாளுகள்.”

கடைசியில் இருந்த ஒரு சின்னப் பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். மருத்துவமாது ஊசியைக் கீழே வைத்தாள். அமராவதியின் அட்டையை எடுத்து, சிவப்பு வட்டத்தை வெட்டி, பக்கத்தில் திகதியும் கையெழுத்தும் போட்டாள். பிறகு பேனாவோடு அந்தச் சின்னப் பெண்ணிடம் போனாள்.

ஏழு கிழமை அழாத அமராவதி அப்போதுதான் அழுதாள். வாய் விட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். நாகேஸ்வரி பக்கத்தில் குந்தி அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் அவளுடைய கண்ணைத் துடைத்தாள். தன் கண்ணைத் துடைக்க மறந்துபோனாள்.

இரத்தம் எடுத்து முடிய, அமராவதி எழுந்து மாமியாரின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“வாங்கோ மாமி, வெயில் ஏறமுந்தி வீட்ட போவம். நான் போய்க் குசினியில உலை வைக்கோணும்.”